நாள் கணக்கு

வெளியே மைனஸ் பதினெட்டு.
ஓட்டுநர் கூண்டின் ஜன்னலைத் திறந்துவைத்து
டிராமை நிறுத்துகிறேன்.
ஹகானியெமியில் காத்து நிற்கும் கிழவர்
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
என்னையே பார்க்கிறார்.
ஹெல்சின்கியில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
கழுத்தடியில் ஓர் அடுப்பு, ஐயா,
மூன்று நிமிடம் எரியும்,
அடுத்த சிக்னலுக்குள் அணைந்துவிடும்.
அதன்பிறகு குளிரும் நானும்
நனைந்த சீருடைச் சட்டையும்.

மூன்றாவது கீமோவோடு நின்றது.
சொல்லிக்கொண்டு போகவில்லை.
இருபத்தாறு வருடம் திட்டியிருக்கிறேன் அதை,
நீச்சல் வகுப்பில், திருமணத்தன்று,
லாப்லாந்துக்குப் போன ரயிலில்.
திட்டியவர்களிடம் யார் விடைபெறுவார்கள்.
குளியலறை அலமாரியில் பாதி பிரித்த பாக்கெட்
அப்படியே கிடந்தது.
விருந்தாளி யாருக்காவது ஆகும் என்று
யால்மரியிடம் சொன்னேன்.
எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து வருடமாகிறது.

நாள் தள்ளிப்போனால் முன்பெல்லாம்
எங்கள் இருவருக்கும் ஒரு வேலை இருந்தது:
மருந்துக்கடைக் குச்சியை விளக்கடியில் பிடித்து
ஒற்றைக் கோட்டை
இரட்டையாகப் பார்க்க முயல்வது.
இப்போது தள்ளிப்போக நாளே இல்லை.
ஆனாலும் கவனம், என்றார் மருத்துவர்,
வராவிட்டாலும் கரு தங்கலாம்,
டமாக்சிஃபென் சாப்பிடும்வரை அது கூடாது.
காலி வீட்டுக்கு இரட்டைப் பூட்டு.
யால்மரி சிரித்தான். நானும்.
அன்றிரவு பூட்டைத் தேட வேண்டியே வரவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, மார்ச்சில்,
ஒரு செவ்வாய்க்கிழமை,
கடைசி நிறுத்தத்துக் கழிவறையில்
கதவைத் தாழிட்டு உட்கார்ந்தபோது பார்த்தேன்.
முதலில் ஒரு பொட்டு.
பிறகு சந்தேகமில்லாமல்.

சிரித்துவிட்டேன், சத்தமாக.
சிரிப்பு முடிவதற்குள்
மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த தாள் ஞாபகம் வந்தது:
எதிர்பாராத உதிரப்போக்கு என்றால்
உடனே தெரிவிக்கவும்.
திரும்பி வந்தவளா,
வீடு கொளுத்த வந்தவளா?
இரண்டு பேருக்கும் ஒரே சேலை.
நான்கு நிமிட ஓய்வில்
மூன்று போயிருந்தது.

புதிதாகச் சேர்ந்த ஹோதன்தான் வெளியே நின்றாள்,
இருபத்து மூன்று வயது,
சீருடைத் துணியிலேயே தைத்த முக்காடு.
நான் கேட்டு முடிப்பதற்குள் பையைத் திறந்தாள்.
"ரெண்டா எடுத்துக்கோங்க,
திரும்பி வர நாப்பது நிமிஷம் ஆகும்."
என் தலையில் அப்போது
குருவிக்குஞ்சு அளவு முடி.
அதை அவள் பார்க்கவே இல்லை.

ஸ்கேனில் கெட்டது ஒன்றுமில்லை.
ரத்தப் பரிசோதனை மட்டும் சொன்னது:
சூலகம் விழித்துவிட்டது.
மருத்துவர் அதை
ஒரு புகார்போலப் படித்தார்.
எனக்கோ உள்ளறையில் யாரோ எழுந்து
போர்வையை மடித்துவைப்பது கேட்டது.

என் கட்டிக்கு அவள் கையால்தான் சோறு.
ஆகவே மறுபடி தூங்கவைக்கிறார்கள்.
அரிசிமணி அளவு மருந்து,
தொப்புளுக்குக் கீழே,
ஒரு தடவை இடப்பக்கம், மறுதடவை வலப்பக்கம்.
இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை.
நாள் தவறக்கூடாது, என்கிறாள் செவிலி வோக்கோ.
நான் தவறியதே இல்லை, என்கிறேன்,
பதின்மூன்று வயதிலிருந்து.
அவள் ஊசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
காலண்டரில் வட்டம் போட
பழைய சிவப்புப் பேனாவே இருக்கிறது.

ஊசியை எடுத்த இடத்தில் ஒரு துளி எழுகிறது.
பஞ்சை நீட்டுகிறாள்.
ஒரு நிமிடம், என்கிறேன்.

ஆறு பத்துக்கு வண்டி எடுக்க வேண்டும்.
ஹோதனுக்கு
இன்னும் இரண்டு கடன் இருக்கிறது.